ஒன்று கூட்டி வாங்கும் மனிதர்

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை.

பந்திங்கில் வாழும் மதிப்புக்குரிய மைத்துனர் ரெங்கசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை அமுதவள்ளியைக் கட்டிக்கொண்ட கமலநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் சுகம், அவளுடைய வலது முட்டி மட்டும் சுகமில்லை. உங்கள் சர்க்கரையும் உங்கள் லோரியின் கியர் பாக்ஸும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்ஆப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாட்ஸ்ஆப்பில் சொன்னால் உடனே என்னைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீர்கள். எனக்குக் காது மந்தம் என்பதால் அதைச் சத்தமாக வைத்துத்தான் கேட்பேன், சமையலறையில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். கடிதமென்றால் உங்கள் திட்டு வந்து சேர நாலு நாளாகும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய முட்டி ஆபரேஷனுக்காக வங்கியில் போட்டிருந்த எட்டாயிரம் ரிங்கிட்டில் மூவாயிரத்து நூற்று நாற்பது போய்விட்டது. போக்கியவன் நான்தான். அவளுக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, அண்ணன் என்ற முறையில் பக்குவமாக அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், கோபப்படாதீர்கள், உங்கள் மகன் ஜீவனால்தான். தீபாவளிக்கு ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த பிள்ளை, முறுக்கைக் கடித்துக்கொண்டே போனில் கிரிப்டோ காயின் விற்கும் ஆப்பைக் காட்டி, "மாமா, இது ஷார்ட் டெர்ம் லா. இன்னைக்கு வாங்கி நாளைக்கு விக்கணும். ஆனா ரூல் இருக்கு" என்றான். ரூல் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவன் அல்லவா. வாங்குவதற்கு முன்பே மூன்று விலைகளை எழுதி வைக்க வேண்டுமாம். வாங்கும் விலை, இவ்வளவு ஏறினால் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும் விலை, இதற்குக் கீழே இறங்கினால் அழாமல் விற்றுவிடும் விலை. மூன்றாவதற்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர். நானும் சமையலறைக் காலண்டரில், ராகு காலத்துக்குக் கீழே, சிவப்புப் பேனாவால் ஒழுங்காக எழுதி வந்தேன். எத்தனை காயின் என்பதையும் எழுதினேன். நான் எடுத்தது முசாங் காயின், மலாயில் முசாங் என்றால் மரநாய். நாய்க்கும் தவளைக்கும் காயின் இருக்கும்போது மரநாய்க்கு இருந்தால் என்ன? அதை வாங்கி விற்பவர்கள் ரொம்பக் குறைவு என்பதால் கூட்ட நெரிசல் இருக்காது என்று நினைத்தேன்.

விலை இறங்கும்போது நான் விதி தவறியதே இல்லை. குறித்த விலை வந்ததும் விற்றுவிட்டேன். ஏறும்போதுதான் சிக்கல். லாப விலை வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏறுமே என்று சிவப்பில் எழுதியதை அடித்துவிட்டு மேலே வேறு விலை எழுதுவேன். அது அங்கே போகாமல் திரும்பி இறங்கி, ஸ்டாப் லாஸில் வந்து நிற்கும். "லாபத்தையும் எடுக்கணும் மாமா, பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது" என்று ஜீவன் பத்து முறை வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டான். பதினொரு வாரம் இப்படியே போயிற்று.

ஆனால் மைத்துனரே, என்னைத் தூங்கவிடாமல் செய்தது நஷ்டம் அல்ல, இன்னொரு கேள்வி. நான் விற்றால் ஒருவர் வாங்கியாக வேண்டுமே, யார் அவர்? கவுண்ட்டரில் இருந்த காலத்தில் டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தவன் நான். கிள்ளானுக்குப் போகிறவர் யார், எதற்குப் போகிறார் என்பது வரை தெரியும். இங்கே முகமே கிடையாது. நான் வேண்டாமென்று நஷ்டத்தில் கொடுப்பதை ஒருவர் வேண்டுமென்று வாங்குகிறாரே, என்ன நினைத்து வாங்குகிறார்?

அதனால் ஆப்பில் வாங்க நிற்பவர்களின் பட்டியலை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். நான் ஐந்நூறு விற்ற அன்று, சரியாக என் விலையில் ஒருவர் ஐந்நூற்றொன்று கேட்டு நின்றார். என் ஐந்நூறும் போன பிறகு அந்த ஒன்று மட்டும் திரையில் தனியாக நின்றது. அடுத்த வாரம் ஆயிரம் விற்றேன், ஆயிரத்தொன்று கேட்டு நின்றார். விட்டதைப் பிடிக்க இரண்டாயிரமாக்கினேன். அங்கே இரண்டாயிரத்தொன்று!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சீனராக இருந்தால் ராசி என்று எட்டு எட்டாக அடுக்கியிருப்பார். இது மொய்க் கணக்கு. நிச்சயம் நம்மவர், அதுவும் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்.

தேட ஆரம்பித்தேன். பூக்கடை லோகன் மேல் சந்தேகம் வந்து, "தம்பி, நீ முசாங் வாங்குறியா?" என்று கேட்டேன். "இப்ப சீசன் இல்ல அங்கிள், முசாங் துரியான் பழம் கிலோ எழுபது வெள்ளி" என்றான். கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஐம்பத்தொன்று, நூற்றொன்று, எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்களே. கடைசியில் பெண் வீட்டார் என்னைச் சந்தேகப்பட்டு, "அங்கிள் மாப்பிள்ளை பக்கமா?" என்று கேட்டதும் எழுந்து பந்திக்குப் போய்விட்டேன்.

போகட்டும். செவ்வாய்க்கிழமை அமுதவள்ளி மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று ஏறுவதைப் பார்த்தேன். மறுநாள் வாங்கி விற்க எழுதி வைத்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டேன். குலதெய்வத்தின் மேல் ஆணையாக இனித் தொட மாட்டேன். மிச்சமிருக்கும் நாலாயிரத்துச் சொச்சத்தோடு என் பென்ஷனிலிருந்து மாதம் முந்நூறு சேர்த்துக் கட்டிவிடுவேன். ஆபரேஷன் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தைத்தான் நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. ஜீவனுக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும், கணக்குத் தெரிந்த பெண்ணாக.

இப்படிக்கு, தலைகுனிந்து நிற்கும்
கமலநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அமுதவள்ளி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ரெண்டு நாளா நீங்க விக்கவே இல்லையே, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

எனக்குப் பருக்கை கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"காலண்டர்ல விக்கிற விலை ஒண்ணு எண்பத்தெட்டுன்னு எழுதியிருந்தீங்க. நேத்துலேருந்து ரெண்டாயிரத்தி ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், யாருமே விக்க மாட்டேங்குறாங்க லா."

ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசை முதலாகப் போட்டிருக்கிறாள். பாடமெல்லாம் ஜீவனின் வாய்ஸ் மெசேஜ்தான், அடுப்பங்கரை வரைக்கும் கேட்டதாம். நான் விற்கும்போது வாங்கி, நான் மறுபடி ஆசையாக மேல் விலைக்கு வாங்கும்போது எனக்கே விற்றிருக்கிறாள். என் மூவாயிரத்து நூற்று நாற்பதில் இரண்டாயிரத்து எண்ணூறு அவளிடம் பத்திரமாக இருக்கிறது. மிச்சம் அவளுக்குத் தெரியாமல் நான் விற்ற முதல் வாரத்திலும் கமிஷனிலும் போயிற்று. "அப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சொன்னா நிறுத்திட்டு, எனக்குத் தெரியாம வேற காயினுக்குப் போவீங்க. இதுன்னா கண்ணு முன்னாடி இருக்கு" என்றாள். அந்த ஒன்று எதற்கு என்றதற்கு, "புருஷன்கிட்ட வாங்குறேன், வெறும் சைபர்ல முடிக்கவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர எதையும் மனத்தில் வைக்க வேண்டாம். ஆனால் ஞாயிறு கட்டாயம் வாருங்கள். திங்கள் காலை டாக்டரிடம் அழைத்துப்போகக் கார் வேண்டும்.

அந்த முகம் தெரியாத மனிதரிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை அவளிடமே கேட்டேன். நான் நஷ்டத்தில் தள்ளியதையெல்லாம் என்ன நினைத்து வாங்கினாய்?

குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க விக்கிறத வேற யாரு வாங்குவா?"