கோழி பார்த்த திசை

பரிமாறும் பெண் முழுக்கோழியைச் சுழல்மேஜையில் வைத்துவிட்டுப் போனபோது அதன் அலகு நேராக லோ பெய்ஜென்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுற்றியிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்கள்.

தைச்சுங் நகரத்தில் சைக்கிள் பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றின் சின்னக் கிளையின் வருடக் கடைசி விருந்து அது. அந்த விருந்தில் முழுக்கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ, அவருக்குப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் வேலை கிடையாது. முதலாளி வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுவதைக் கோழி சொல்லிவிடும். இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே தலை எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

கிளை மேனேஜர் வெய் கோழியையும் பெய்ஜென்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிரேக்குகளுக்கு வரைபடம் போடுகிறவளே பெய்ஜென்தான். வேறொரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் கிளையில் மிஞ்சுவது நாற்காலிகள்தான். இன்றைக்கு எப்படியாவது அவள் மனத்தை மாற்றிவிட வேண்டும் என்றுதான் பாவம் மனிதர் வந்திருந்தார். போன மாதம் தலைமைப் பயிற்சிக்கு வேறு போய்வந்திருந்தார். சங்கடத்தைக் கண்டால் தலைவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவரும் உட்காரவில்லை. "அந்த நண்டு இந்தப் பக்கம் வரட்டுமே," என்று மேஜையை மெல்லச் சுற்றினார்.

நண்டு வந்தது. கோழி பட்டறை மேஸ்திரி ஜியானுக்கு முன்னால் போய் நின்றது.

"ஓகோ," என்றார் ஜியான். "தலை நரைக்கிற வரைக்கும் உழைச்சாச்சு. ரூமுக்குக் கூப்பிட்டே சொல்லியிருக்கலாமே, மேனேஜர்."

"ஐயோ அண்ணே, நண்டுக்காகத்தான் சுத்தினேன்."

"உங்களுக்குத்தான் நண்டு ஒத்துக்காதே," என்றாள் கணக்குப் பிரிவு ஃபாங் அக்கா.

வெய் பதறிப்போய் இன்னொரு சுற்று சுற்றினார். கோழி ஃபாங் அக்காவிடம் வந்தது.

"நண்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கா இது?"

அவள் தன் பங்குக்கு ஒரு தள்ளுத் தள்ளினாள். தன் பக்கம் வருவதைப் பார்த்த ஜியான் அவசரமாகத் திருப்பித் தள்ளினார். கோழி மேஜையை வலம்வந்து, எல்லோரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடி பெய்ஜென்னிடமே வந்து நின்றது.

"புரியுது, மேனேஜர்," என்றாள் பெய்ஜென். "நீங்க சிரமப்பட வேண்டாம். நானே எழுதிக் குடுத்துடறேன்."

"நீ ஒண்ணும் எழுத வேண்டாம்." வெய் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார். "இந்தத் தலையை எடுத்துட்டுக் கொண்டாம்மா."

கோழி உள்ளே போய், தலையில்லாமல் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? இப்ப யாரையும் பாக்கல," என்றார் வெய், ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு.

ஜியான் கோழியையே வெறித்தார். "தலையே இல்லாம வந்தா எல்லாரும் வெளியேன்னு அர்த்தம். என் மச்சான் கம்பெனில இப்படித்தான் வந்துது. பண்டிகை முடிஞ்சு போனா, கேட்டுல பூட்டு."

"கிளையையே மூடறீங்களா?" என்றாள் ஃபாங் அக்கா. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு உங்களை முதல் மேஜையில உக்கார வைக்கலாம்னு இருந்தேன். இனிமே கடைசி மேஜைதான், சொல்லிட்டேன்."

ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டார். பெய்ஜென் எழுந்து கோட்டை மாட்டினாள்.

வெய் சமையலறைக்கு ஓடினார். கழிவுத் தட்டில் கிடந்த தலையைத் தேடியெடுத்துக் கழுவி, ஒரு சின்னத் தட்டில் வைத்து, விசிட்டிங் கார்டு நீட்டுவதைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கோழியின் கழுத்தோடு அதைப் பொருத்தி, அலகைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"என்னைத்தான் பாக்குது. நல்லாப் பாத்துக்குங்க. இங்கேயிருந்து யாராவது போகணும்னா முதல்ல நான்தான் போவேன்." பெய்ஜென் பக்கம் திரும்பினார். "பெய்ஜென், நீ போடற படம் இல்லேன்னா நாங்க இரும்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். போகாதம்மா. இதைப் பயிற்சியில சொன்ன மாதிரி கேக்க எனக்கு வரல."

பெய்ஜென் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"இதை யாராவது சொல்லுவாங்களான்னுதான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். அங்கேயே போனை எடுத்து, அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பினாள்.

ஜியான் எல்லோருக்கும் மது ஊற்றினார். எல்லோரும் எழுந்து நின்று, கோப்பையை மரியாதையாக வெய்யின் கோப்பைக்குக் கீழே தாழ்த்தி இடித்துக் காலி செய்தார்கள். ஃபாங் அக்கா ஒரு தொடையைப் பிய்த்து அவர் கிண்ணத்தில் வைத்தாள். "முதல் மேஜையே உங்களுக்குத்தான்."

வெய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தலைவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

மீன் சூப்போடு வந்த பரிமாறும் பெண் கோழித்தலையைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. கோழித்தலையை மேனேஜரைப் பாத்து வைக்கச் சொல்லி உங்க கம்பெனி சேர்மன் சாயங்காலம் போன் பண்ணியிருந்தாரு. உங்கள்ல மேனேஜர் யாருன்னு தெரியாம நான்தான் குத்துமதிப்பா வெச்சுட்டேன்."