ஒரு போத்தல் பெற்றோல்

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒரு பொருளை விற்கத் தெரியாது, புகழத்தான் தெரியும். சல்லிக் கிராமத்திலிருந்து வருகிற மீன்காரன் சைக்கிளை நிறுத்தும்போதே "இப்பதான் பிடிச்சது" என்கிறான். மீனின் கண்ணைப் பார்த்தால் அது முந்தாநாளே மனம் வெறுத்துப் போனது தெரியும். பல்லுப் பிடுங்குகிறவன் நோகாது என்கிறான். வாக்குக் கேட்டு வருகிறவன் சொல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இரத்தினசிங்கத்தார் தன் அறுபத்தொன்பது வயதுக்குள் ஒரேயொரு பாடத்தைத்தான் ஒழுங்காகப் படித்திருந்தார். எவன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போ. பாதி உண்மையாவது அகப்படும். மற்றப் படிப்பெல்லாம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு தம்பலகாமத்து அரிசி ஆலை லொறியில் முப்பத்தொரு வருடம் சாரதி.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தச் சனிக்கிழமை காலை, திருகோணமலைத் துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு வளவில், சிவப்புநிறச் சின்னக் கார் ஒன்றின் முன்னால் வாயடைத்து நின்றார். காரணம், காரை விற்க நின்றவன் அதைப் புகழவில்லை.

"உள்ளதைச் சொல்றன் ஐயா. இது காரில்ல. நாலு சில்லு வச்ச தகரப்பேணி," என்றார் முனாப்.

முனாப் துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிளாக்கர். நாற்பது வயது மதிக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். அப்படிப்பட்ட முகங்களைத்தான் இரத்தினசிங்கத்தார் முதலில் சந்தேகிப்பார்.

அவருக்குக் கார் பவிசுக்குத் தேவைப்படவில்லை. மனைவி புஷ்பவதிக்குச் செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கும். திரும்பும்போது கிடைக்காது. போன வெள்ளிக்கிழமை, ஊசி குத்திய கையால் கம்பியைப் பிடிக்க ஏலாமல், பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துபோனாள். அவள் விழுந்த பிறகு மூன்று பேர் எழும்பி இடம் கொடுத்தார்கள். விழும்வரைக்கும் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். இன்னொரு தடவை விழுந்தால் எழும்ப மாட்டா என்று டொக்டர் சொன்னார். டொக்டரை அவர் நம்பவில்லை. கண்ணால் கண்டதை நம்பினார்.

"எனக்கென்னத்துக்குக் கார்? பஸ்ஸே போதும், காணும். கார் வாங்கினா நான் ஏறமாட்டன்," என்று புஷ்பவதி ஒற்றைக்காலில் நின்றாள். அவ்வளவுதான். அவர் கார் தேடப் புறப்பட்டுவிட்டார். அவளுக்காக அவர் காத்திருக்கிற ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு முன்னால் ஒட்டியிருந்த, கார் விற்பனைக்கு என்ற துண்டைப் பார்த்து வந்ததுதான் இந்த இடம்.

"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார்.

"பதினாலு. பதினைஞ்சு ஓடினாப் பெரிய விசயம்."

"இந்தச் சின்னனுக்கோ? இருவதுக்கு மேல ஓடும் எண்டு ஊரே சொல்லுது."

"ஊர் சொல்லும் ஐயா. பெற்றோல் அடிக்கிறது நான்தானே."

இரத்தினசிங்கத்தார் காரைச் சுற்றி வந்தார். முனாப் பின்னாலேயே வந்தார்.

"பின்னுக்கு இருந்தா முழங்கால் நாடியில இடிக்கும்."

"அவள் நாலே முக்கால் அடி. கிட்னி வருத்தம் வந்த பிறகு அதிலயும் குறைஞ்சு போனாள். இடிக்காது."

"சாமான் ஏத்த ஏலாது. ஒரு அரிசி மூட்டை கொள்ளாது."

"முப்பத்தொரு வருசம் மூட்டை ஏத்தினனான் தம்பி. காணும்."

"பெரிய லொறி பக்கத்தால போனா இது கிடந்து ஆடும்."

"அந்த லொறியளை ஓட்டினவனே நான்தான். எனக்கு ஆட்டங் காட்டாதையும்."

"உங்கட தம்பலகாமம் றோட்டில ஆனை நிக்குமே. ஆனை தட்டினா இது பந்து மாதிரிப் போகும்."

"பெரிய காரெண்டா ஆனை கும்பிட்டு வழி விடுமோ?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. விற்கிறவன் இகழ்ந்துகொண்டு நிற்கிறான். வாங்க வந்தவன் புகழ்ந்துகொண்டு நிற்கிறான்.

"இவ்வளவு பழுதெண்டா ஏன் தம்பி அஞ்சு வருசம் வைச்சிருந்தனீர்?"

முனாப் குசினி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவி நஸ்ரின் நின்றாள். அவள் சட்டென்று மறைந்தாள்.

"அது... மனிசிக்கு இதிலதான் விருப்பம்."

வேறு எவனுக்கோ கொடுக்க வைத்திருக்கிறான் என்று இரத்தினசிங்கத்தார் தீர்மானித்தார். நல்ல சாமானை ஒளிக்கிறவன்தான் பழுது சொல்லுவான். ஆனாலும் எதற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று, கிண்ணியாவிலிருந்து றுவைஸ் பாஸைப் போன் பண்ணி வரவழைத்தார். ஆலை லொறியை இருபது வருடமாகக் கழற்றிப் பூட்டின மெக்கானிக் அவர்.

றுவைஸ் பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். எஞ்சினைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். படுத்துக் கீழே பார்த்தார். எழும்பிக் கையைத் துடைத்தார்.

"அருமையான சாமான் ஐயா. கண்ணை மூடிட்டு எடுங்க."

வீட்டுக்கு நெருப்பு வைத்தவனைப் பார்ப்பதுபோல முனாப் அவரைப் பார்த்தார். "பாஸ், வடிவாப் பாருங்க. ஏதோ ஒரு சத்தம் வருதே?"

"சத்தமா? எஞ்சின் ஓடுதா எண்டே தெரியல்ல. என்ட மாமியார் மூச்சு விடுறது இதைவிடச் சத்தம்."

"நீங்க ஆர்ர பக்கம் பாஸ்?"

"நான் கார்ட பக்கம்!"

இரத்தினசிங்கத்தாருக்குத் தலை சுற்றியது. பழுது என்றவனை நம்பாவிட்டால் கார் நல்லது. நல்லது என்றவனை நம்பாவிட்டால் கார் பழுது. ஒரே கார் ஒரே நேரத்தில் இரண்டுமாகி நின்றது. அவர் படித்த ஒரேயொரு பாடமும் அவரைக் கைவிட்ட நேரம் அது. சாட்சியைக் கூப்பிடப் போய்ச் சனியனைக் கூப்பிட்டது போலாயிற்று.

"றுவைஸ், தாங்கில கிடக்கிற பெற்றோல் முழுக்க இழு. ஒரேயொரு லீற்றர் மட்டும் விடு. நானே ஓடிப் பாக்கிறன்."

"எதுக்கு ஐயா? முள்ளைப் பாத்தாத் தெரியும்தானே."

"முள்ளும் பொய் சொல்லும்."

"ஓடின தூரத்தை மீற்றர் இலக்கத்தில காட்டும்."

"அதைத் திருப்புறதுக்கெண்டே படிச்சவங்கள் இருக்கிறாங்கள். றோட்டுக் கரையில கிலோமீற்றர்க் கல்லு நிக்குது. இந்த நாட்டில இடம் மாறாமல், கட்சி மாறாமல் நிக்கிறது அது ஒண்டுதான். அதை எண்ணுவன்."

பெற்றோலை இழுக்கப் போட்ட குழாயை முனாப்தான் வாயால் உறிஞ்சினார். அதில் பாதி அவருடைய வாய்க்குள் போனது. அவர் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் றுவைஸ் பாஸ் அளந்து ஊற்றி மூடியை இறுக்கிவிட்டார்.

இரத்தினசிங்கத்தார் லொறியில் ஏறுவதுபோல் காலைத் தூக்கி ஏறினார். தலை கூரையில் இடித்தது. லொறியைத் திருப்புவதுபோல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒடித்தார். கார் ஒரே சுற்றில் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்து நின்றது. உள்ளே நஸ்ரின் அலறினாள். பக்கத்தில் இருந்த முனாப் கண்ணை மூடி ஏதோ ஓதத் தொடங்கினார்.

கண்டி வீதிக்கு ஏறிய பிறகு எல்லாம் அடங்கியது. கார் முறைப்பாடு இல்லாமல் ஓடியது. சீனக்குடா கழிந்தது. பஸ் ஒன்று முந்திக்கொண்டு போனபோது கார் இலேசாக ஆடியது உண்மைதான். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு போகிற ஆட்டத்தோடு பார்த்தால் அது தொட்டில்.

"நல்லா ஆடுதுதானே?" என்றார் முனாப், ஆசையோடு.

"வாயை மூடும். பதின்மூண்டாவது கல்லு."

பதினேழாவது கல்லைத் தாண்டினதும் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இரு பக்கமும் பற்றைக்காடு. வீதியோரத்தில் யானை லத்தி குவியலாகக் கிடந்தது. ஆவிகூட அடங்கவில்லை.

"பாத்தீங்களா? நான் பதினைஞ்சு எண்டன். அல்லாஹ் ரெண்டு கூடத் தந்திருக்கான், அல்ஹம்துலில்லாஹ். வாங்க ஐயா, பஸ்ஸில திரும்பிப் போவம்," என்றார் முனாப். குரலில் சந்தோசமும் இருந்தது, பயமும் இருந்தது.

இரத்தினசிங்கத்தாரின் மனம் விழுந்துபோனது. விற்கிறவன் ஒருவன் உண்மை பேசியிருக்கிறான்! இனி உலகத்தில் எதை வைத்து நடப்பது? பெற்றோல் கொண்டு வரச்சொல்ல றுவைஸுக்குப் போன் எடுத்தார்.

"நீ ஊத்தின ஒரு லீற்றரும் முடிஞ்சுது. வெறும் பதினேழு கல்லு."

"லீற்றரா? நான் ஒரு போத்தல்தானே ஐயா ஊத்தினன்."

"லீற்றரெண்டெல்லோ சொன்னனான்!"

"லீற்றருக்கு அளவை எங்க இருக்கு? மதிலடியில ஒரு வெறுஞ் சாராயப் போத்தல் கிடந்திச்சு. அதால அளந்தன்."

இந்த நாட்டில் தேங்காயெண்ணெய் வாங்கின எவருக்கும் தெரியும், போத்தல் என்றால் முக்கால் லீற்றர். இரத்தினசிங்கத்தார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு விரல் மடித்தார். முக்காலுக்குப் பதினேழு. காலுக்கு ஐந்தரைக்கு மேல். கூட்டினால் இருபத்திரண்டரை.

அவர் மெல்லத் திரும்பி முனாபைப் பார்த்தார். முனாப் யானை லத்தியைப் பார்த்தார்.

"ஆக, நீர் குறைச்சுச் சொன்னனீர்."

"ஐயா... எனக்குக் கணக்கு வராது."

"துறைமுகத்தில கிளாக்கர் வேலை. கணக்கு வராது!"

"வெயிலுக்கு நிக்காம இந்தப் பக்கம் வாங்க ஐயா, காரைத் தள்ளுவம்."

தள்ளினார்கள். லொறி நின்றால் பத்துப் பேர் வேண்டும். இது தள்ளுவண்டி மாதிரி நிழலுக்குள் போனது. அதையும் இரத்தினசிங்கத்தார் மனதுக்குள் காரின் பக்கம் போட்டுக்கொண்டார்.

றுவைஸ் வரும்வரைக்கும் முனாப் காட்டைப் பார்த்துக் காவல் நின்றார். இரத்தினசிங்கத்தார் பின்சீற்றில் ஏறினார். காலை மடக்கினார். பக்கவாட்டில் சரிந்து படுத்துப் பார்த்தார். இடது கையை, ஊசி குத்துகிற கையை, எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். கதவுக்கும் சீற்றுக்கும் நடுவே ஒரு தலகாணி வைக்க இடம் இருந்தது. எட்டு மாதமாக அவள் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள். நோகுதா என்று கேட்டால் இல்லை என்பாள். அவரும் அத்தோடு விட்டுவிடுவார். அவர் நம்பின ஒரேயொரு பொய் அதுதான். நம்புவது வசதியாக இருந்தது.

அவர் எழும்பினார். முகத்தைத் துடைத்தார்.

"என்ன ஐயா, இடம் காணாதுதானே? கழுத்துப் பிடிச்சிருக்குமே?" என்று முனாப் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கார் எனக்குத்தான்," என்றார் இரத்தினசிங்கத்தார். "இனி நீர் ஒரு சொல்லுக் கதைச்சீரெண்டால் ஆனைக்குக் குடுத்திட்டுப் போவன்."

றுவைஸ் பாஸ் பெற்றோலோடு வந்து, அவர்கள் திரும்பவும் துறைமுக வீதி வளவுக்கு வந்துசேர மத்தியானமாகிவிட்டது. முனாப் கதிரையில் விழுந்தார். இரத்தினசிங்கத்தார் கார்த் திறப்பைச் சாவித் துவாரத்திலிருந்து கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டார்.

"திங்கக்கிழமை வாறன். எழுத்து வேலையை முடிப்பம். செவ்வாய்க்கிழமை அவளை இதிலதான் ஏத்திக்கொண்டு வருவன். திறப்பு என்னட்டக் கிடக்கட்டும். ஆரும் கேட்டு வந்தா, முடிஞ்சுது எண்டு சொல்லும்."

நஸ்ரின் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். வெற்றி பெற்றவனுக்குச் சும்மா போக மனம் வராது. ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் தொடங்கினார்.

"பிள்ளை, உன்ர புருசன் காலமை துவக்கம் என்னைக் கலைச்சுப் பாத்தவர். நடக்கேல்ல. வீட்டில என்ர மனிசியும் கார் வேண்டாம், ஏறமாட்டன் எண்டு நிக்கிறாள். அவளைக் கேட்டே வாங்கிறன்? நான் ஒருத்தற்ற சொல்லும் கேக்கிற ஆள் இல்லை."

நஸ்ரின் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனாப் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். அவள் பார்த்தால்தானே.

"ஐயா, எங்கட உம்மாட பக்கத்துக் கட்டில்தான் வார்ட்டில உங்கட புஷ்பவதி அக்காவுக்கும். 'கேற்றடியில அவர் இருக்கிற இடத்துக்கு நேர துண்டை ஒட்டுங்க, வந்தா வாய் கூசாமப் பழுது சொல்லுங்க, நாப்பத்திரண்டு வருசமா எனக்கு வேணும் எண்டதெல்லாம் வேணாம் எண்டு சொல்லித்தான் அந்த மனிசனிட்ட வாங்கியிருக்கன்' எண்டு அவதானே எங்களுக்குச் சொல்லித் தந்தவ!"

முனாப் தலையில் கை வைத்தார்.

இரத்தினசிங்கத்தார் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். கேற்றடியில் ஒருகணம் நின்றார். குழாய்க்கிணறு வேண்டாம் என்றவள். குசினிக்கு ஓடு வேண்டாம் என்றவள். மகளைக் கம்பஸுக்குப் படிக்க அனுப்ப வேண்டாம் என்று அழுதவள்.

"பொய்," என்றார். "அவளுக்குக் கார் எண்டாலே பிடியாது. எனக்குத் தெரியாதே?"

வேறு எவனோ கூடக் காசு தருகிறேன் என்று வந்திருக்கிறான், அதுதான் இப்படிக் கதை கட்டுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு, சட்டைப்பைக்குள் திறப்பை இறுக்கிப் பிடித்தபடி, திரும்பியும் பாராமல் பஸ் நிலையப் பக்கம் நடந்தார்.