புறா தவறாகப் பறந்தது

பறவைகள் பல கோடி ஆண்டுகளாகக் கேட்பாரில்லாமல் பறந்துகொண்டிருந்தன. எங்கள் சிறகசைவு ஆய்வு மையம் தோன்றிய பிறகுதான் அவற்றின் பறத்தலுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் பெற்றவன் நான்.

'சிறகு நேராக மேலே போகும், நேராகக் கீழே வரும்' என்று இயக்குநர் நூறு பக்க அறிக்கை எழுதி, மேலிடத்து ஒப்புதலும் வாங்கிவிட்டார். அதற்கப்புறம்தான் ஒரு பறவையைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எதையும் முறைப்படி செய்பவர்கள் நாங்கள்.

பார்ப்பதற்கென்று ஒரு கேமராக்கார அம்மாவை நியமித்தோம். அவர் ராட்சத மின்விசிறிக்கு எதிரே ஒரு சாம்பல் புறாவைப் பறக்கவிட்டு, நொடிக்கு ஆயிரம் படம் எடுத்தார். மறுநாள் கூட்டத்தில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

"பாருங்க சார், இறக்கை மேல போறப்ப மடங்குது. கீழ வர்றப்பதான் முழுசா விரியுது."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்போ புறா தப்பா பறக்குது."

"இல்ல சார், அறிக்கைதான் தப்பு."

"அறிக்கையில கையெழுத்துப் போட்டவங்க ஒம்பது பேரும்மா," என்றார் துணை இயக்குநர். "புறா ஒண்ணே ஒண்ணு."

புறாவைத் 'திருத்துவது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். மடங்காதபடி இரண்டு இறக்கைகளிலும் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டினார்கள். பறக்கவிட்டதும் இறக்கையை இரண்டே அடி அடித்தது, தொப்பென்று விழுந்தது. அலகோரம் ரத்தம்.

"ரெண்டு அடியும் நேராத்தான் இருந்துச்சு. குறிச்சுக்கோங்க," என்றார் இயக்குநர்.

குறித்துக்கொண்டேன்.

கேமராக்கார அம்மா ஓடிப்போய்க் கட்டைப் பிரித்தார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் படத்தைப் பார்த்தீங்கல்ல? நீங்களாவது வாயத் திறந்து சொல்லுங்களேன்!" என்றார்.

நான் பேனா மூடியைத் தேடினேன்.

புறாவைத் தன் கோட்டில் பொதிந்துகொண்டு அவர் வெளியேறினார். 'மையத்தின் சொத்தை அபகரித்த' குற்றத்துக்காக அன்று மாலையே வேலையும் போயிற்று. மூன்று வாரம் கழித்து அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து புறா கிளம்பிப் போனதாம், இறக்கையை மடக்கி மடக்கி விரித்து. மையம் அதை அங்கீகரிக்கவில்லை.

காலியான இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். கேட்ட தகுதிகள் இரண்டு: நல்ல கண்பார்வை, பார்த்ததைச் சொல்லாத வாய். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம் என்று இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.