மன்சிக்கும் மூடி போட்ட ஜாடியும்

மூடி என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து பார்க்கவென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அடுப்பில் சோறு வேகும்போது தட்டைத் தூக்குவார்கள். குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கப் போய் எழுப்பிவிட்டு வருவார்கள். ஆறிவரும் புண்ணின் கட்டை அவிழ்த்து, ஆறுகிறதா என்று சோதிப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொரியாவின் வொன்ஜு நகரத்தில் அந்த இனத்துக்குத் தலைவர் மன்சிக். ரயில்வே பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரோ!

அந்த நவம்பர் குளிரில் அவர் மனைவி கும்ரே வெள்ளைக் கிம்ச்சி, அதாவது காரமில்லாத கோசு ஊறுகாய், போட்டாள். காரக் கிம்ச்சி வேறு ஜாடிகளில் இருந்தது. இது தங்கை உன்சிலுக்கு. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், கஞ்சியைக்கூட ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தவள், போனில் சொன்னாள்: "அக்கா, நீ போடுவியே வெள்ளைக் கிம்ச்சி, அந்தத் தண்ணி ஜில்லுனு ஒரு கிண்ணம் கிடைச்சா குடிப்பேன்."

போனை வைத்துவிட்டு கும்ரே கொஞ்சம் அழுதாள். பிறகு சந்தைக்குப் போனாள். கோசை உப்பில் ஊறவைத்து வடித்தாள். இதழுக்கு இதழ் முள்ளங்கியும் பேரிக்காயும் இஞ்சியும் சீவித் திணித்தாள். மிளகாய்த்தூள் துளியும் இல்லை. எல்லாம் முங்க உப்புநீர் ஊற்றி, மேலே கல் வைத்து மூடி, பால்கனியில் வைத்தாள்.

"என்னங்க, இதைத் தொடாதீங்க. தண்ணிக்குள்ளயே இருந்து தானா புளிக்கணும்."

"நான் ஏன் தொடப்போறேன்? எனக்கு வேற வேலையில்லையா?"

வேறு வேலை இல்லை. அதுதானே சிக்கல்!

மறுநாள் உள்ளே ஏதோ குமிழ் விட்ட மாதிரி கேட்டது. பார்க்க வேண்டாமா? பார்த்தார். மோந்து பார்க்காமல் பார்த்து என்ன பயன்? மோந்தார். வாயில் படாமல் வாசனையை எப்படி நம்புவது? ஒரு கரண்டி குடித்தார். ஒவ்வொரு தடவையும் கழுவின கரண்டி. அந்த விஷயத்தில் மனிதர் படு சுத்தம். கரண்டி நாளடைவில் கிண்ணமானது. பொறுப்பு ஏற ஏற, தண்ணீர் இறங்கியது.

"பால்கனியில என்ன பண்றீங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

"நம்மகிட்ட செடியே கிடையாதே?"

"வாங்கினா எங்க வைக்கலாம்னு பாக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் உன்சில் வந்தாள். கோட்டு யாரோ ஒருவருடையதுபோல் அவள்மேல் தொங்கியது. கும்ரே ஆசையாக மூடியைத் திறந்தாள். மேலே இருந்த கோசெல்லாம் தண்ணீருக்கு வெளியே கிடந்து, தொளதொளத்து, ஏடு படிந்திருந்தது.

"பரவாயில்லக்கா," என்றாள் உன்சில். கையில் எடுத்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

அந்தக் கரண்டிச் சத்தம் மன்சிக்குக்குத் தாங்கவில்லை. "நான்தாம்மா. தினமும் திறந்தேன். குடிக்கவும் குடிச்சேன்," என்றார்.

கும்ரே அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேலே இருந்ததை வாரி எறிந்தாள். அடியில் முங்கிக் கிடந்த ஒரே ஒரு கோசை எடுத்தாள், நன்றாக இருந்தது. அடித்தண்ணீர் அரைக் கிண்ணம் தேறியது. உன்சில் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, சோற்றுக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அத்தான், ராஜாவுக்குத்தான் முன்னாடி ருசி பாத்துக் குடுப்பாங்களாம். ஆனா அவங்ககூட இவ்வளவு குடிச்சிருக்கமாட்டாங்க."

கும்ரே மறுபடி ஒரு ஜாடி போட்டாள். இந்த முறை அதைக் கீழ்வீட்டில் இருக்கும் பேங் என்பவர் பொறுப்பில் விட்டாள். பேங் அதிகம் பேசாத மனிதர், கணக்கராக இருந்தவர். மன்சிக்தான் ஜாடியைச் சுமந்துகொண்டுபோய் இறக்கினார். விடிந்ததும் கீழே போய் மணியடித்தார்.

"எப்படி இருக்கு?"

"இஞ்சி கொஞ்சம் தூக்கல்," என்றார் பேங்.

"மூடியிருக்கற ஜாடியில இஞ்சி தூக்கல்னு எப்படித் தெரியும்?"

பேங் தன் செருப்பைப் பார்த்தார். அன்றைக்கே இருவருமாக ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் உன்சில் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். உன்சில் அதை வைத்துக்கொண்டு மாதக் கடைசிக்குள் கன்னத்தில் சதை போட்டாள்.

இந்த இனம் கொரியாவோடு நிற்கிறதா என்ன? அதிருக்கட்டும். கதையை முதலிலிருந்து படித்துக்கொண்டுதானே இங்கே வந்தீர்கள்? இல்லை, முடிவு எப்படி இருக்கிறது என்று சும்மா திறந்து பார்த்தீர்களா?