லேத்தில் மாரப்பன்

“இதுலயும் கும்புட்டுட்டுத்தானுங்க நிக்கறாரு,” என்று கடைசிப் போட்டோவையும் மேஜைமேல் வைத்தாள் புவனா.

முதலாளி வெள்ளியங்கிரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருடைய தகப்பனார், மறைந்த மாரப்பன், வெளுத்த வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒரு லேத் மெஷின் முன்னால் கைகூப்பி நின்றார். மெஷினுக்கும் சந்தனப் பொட்டு. இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் மெஷினைப் படம் பிடிக்கத் தோன்றியது வருடத்தில் ஒரே நாள்தான். ஆயுத பூஜை! அன்றைக்குத்தான் பட்டறையைக் கழுவிவிட்டு, ஆட்களுக்குப் பொரியும் புதுத்துணியும் கொடுத்து, போட்டோக்காரரையும் வரவழைப்பார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடமாட்டார்கள் என்பதுதான் வினை. மாரப்பன் பம்ப்ஸின் பழைய படங்களை மட்டும் பார்த்தால், பட்டறைகள் நிறைந்த கணபதி வட்டாரமே மெஷினைக் கும்பிட்டுக் கும்பிட்டு முன்னுக்கு வந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

“அம்மணி, எங்கய்யன் ராத்திரி பகலா லேத்துல நின்னு இந்தக் கம்பெனியை உண்டாக்குனவரு. வைர விழாவுக்கு வாசல்லயே அவரு வேலை செய்யற படம் பெருசா நிக்கோணும். எப்படியாச்சும் கண்டுபுடிச்சுப்போடுங்க.”

“அப்படியொரு படமே இல்லீன்னா என்னங்க பண்றது?”

“இல்லாமப் போகுமா? ஒழைச்சவரு ஒழைச்சவருதானுங்களே?”

புவனா மேனேஜராகி மூன்று மாதம்தான் ஆகிறது. முந்தின மேனேஜர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போனவர். வெள்ளியங்கிரிக்குப் பொய் ஆகாது. அந்த மனிதர் மொய் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் வேலை போய்விட்டது. புவனாவோ லோன் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் தளம் போடவில்லை. இந்த நேரத்தில் வேலை போனால் வானம்தான் கூரை.

காந்திபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த முகமது ரியாஸிடம் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“தம்பி, இந்த வாழைக்கன்று, மாலை, பொட்டு எல்லாத்தையும் எடுத்துப்போடு.”

எடுத்தான். மாலை போனது, பொட்டு போனது, கும்பிட்ட கை மட்டும் போகவில்லை. லேத் செத்துப்போய் மாரப்பன் துக்கம் விசாரிக்க வந்திருந்தது போல இருந்தது.

“ஏந்தம்பி, கையைப் பிரிச்சு மெஷின்மேல வெக்க முடியாதா?”

“ஏஐ-கிட்டச் சொல்லிப் பாக்கறனுங்க்கா.”

ஏஐ கையைப் பிரித்து வைத்தது. ஒரு கைக்கு ஆறு விரல் கொடுத்தது. போகிற போக்கில் லேத்தைத் தையல் மெஷினாகவும் ஆக்கிவிட்டது.

“பேசாம யாரையாச்சும் நிக்க வெச்சு எடுத்துப்போடலாங்க்கா,” என்றான் ரியாஸ். “பழுப்படிச்சு நாலு கீறல் போட்டா யாருக்குத் தெரியும்?”

வாட்ச்மேன் அப்புசாமிக்கு மாரப்பனின் உடல்வாகு. ஞாயிற்றுக்கிழமை அவரை முண்டா பனியனோடு பழைய ஷெட்டுக்குக் கூட்டிப்போய், ஓடாத லேத்தின் முன்னால் குனியவைத்து, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாக எடுத்தார்கள். வந்தது பாருங்கள் படம்! புவனாவுக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளியங்கிரி அழுதேவிட்டார். “அந்த முதுகப் பாருங்க அம்மணி! எங்கய்யன் முதுகு! ஆமா, இதை எடுத்த புண்ணியவான் யாரு?”

புவனாவின் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. “ரியாஸோட தாத்தாங்க.”

“அப்ப அந்தப் பையனை மேடையேத்திப் பொன்னாடை போத்தோணும்!”

விஷயம் கேட்ட ரியாஸ் வாயில் அடித்துக்கொண்டான். “எங்க தாத்தா பிரியாணி மாஸ்டருங்க்கா! ஆயுசுல கேமராவைத் தொட்டதில்ல.”

“ஒரே ஒருநாள் தொட்டாரு. வாயை மூடிட்டு வந்து வாங்கிட்டுப் போ.”

படம் அழைப்பிதழில் ஏறியது. காலண்டரில் ஏறியது. கேட்டுக்கு மேலே ஆளுயர பிளெக்ஸாகவும் ஏறியது. உள்ளே வரும் லாரி டிரைவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட, கீழே நின்ற அப்புசாமி பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

“அண்ணா, சும்மா இருங்க,” என்று பல்லைக் கடித்தாள் புவனா.

“எனக்கு நானே காவல் நிக்கறனுங்க அம்மணி. இந்தக் கொடுப்பினை யாருக்கு வரும்?”

விழாவுக்கு முந்தின நாள் முதலாளி அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். “மேடைக்குப் பிரேம் போட்ட படத்தைத் தெறந்து வெக்கறது எங்கம்மா.”

மாரப்பனின் மனைவி சென்னியம்மாள் அவிநாசியில் பெரிய மகள் வீட்டில் இருந்தார். எண்பத்தைந்து வயதிலும் ஊசியில் நூல் கோர்க்கிற கண். கட்டின புருசன் முதுகு தெரியாதா? இனி ஒளிக்க வழியில்லை, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று விழாவன்று காலையில் புவனா முதலாளி அறைக்குப் போனாள்.

“ஐயா, அந்தப் படம் வந்துங்க...”

“படமா அது? சத்தியமுங்க அம்மணி, சத்தியம்!”

வந்த வழியே திரும்பிவிட்டாள்.

திரை விலகியது. சென்னியம்மாள் படத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். அப்புசாமி ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் பதுங்கினார். பொன்னாடையோடு நின்ற ரியாஸுக்கு வேர்த்து ஊற்றியது. புவனா ஊர்ச்சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

“நம்ம அய்யன்தானுங்களே அம்மா?” என்று மகன் மைக்கை நீட்டினார்.

கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவரேதாஞ் சாமி. அன்னிக்கு நாந்தான் தூக்குப் போசியில சோறு கொண்டாந்தேன். உண்ணறதுக்குக்கூட நிமுரல மனுசன்.”

கைத்தட்டலில் ஷாமியானா அதிர்ந்தது. புவனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயசான கண்ணுக்கு ஆயிரம் கும்பிடு போட்டுக்கொண்டே பந்தியில் சென்னியம்மாளுக்குத் தானே பாயசம் ஊற்றப் போனாள்.

சென்னியம்மாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “அது கேட்டுல நிக்கற வாச்மேன் முதுகுதானே கண்ணு?”

பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள் புவனா. “அம்மா, தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க. ஐயாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, என்ற வேலை போயிருமுங்க!”

“நா எப்படிச் சொல்லுவேன்?” சென்னியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்க ஊட்டுக்காரரு பட்டறைப் பக்கம் வாரதே பூசை அன்னிக்கு மட்டுந்தான், மிச்ச நாளெல்லாம் கிளப்புல சீட்டாட்டம். பையனாச்சும் உருப்படட்டும்னு நாங் கட்டிவிட்ட பொய்யை இத்தன வருசம் ஒருத்தியாச் சொமந்துட்டேன், இனி நீயும் ஒரு கை புடி கண்ணு.”