கட்டைவிரலில் கணக்கு மூளை

அந்தப் பள்ளிக்கூட வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள், உள்ளே யாரோ தங்கத்தை இனாமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதெல்லாம் இல்லை. உள்ளே ஆசிரியர் பயிற்சி முகாம். வழக்கமான பயிற்சி என்றால் ஆசிரியர்களில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மீதிப்பேருக்கு மாமியார் வீட்டில் விசேஷம் வந்துவிடும். இந்தத் தடவை வருகிறவர் ரேகை டாக்டர் ஆயிற்றே! காய்ச்சல்காரர்கள்கூடத் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னாலேயே பெற்றோர்கள்.

பயிற்சியின் நோக்கம் என்னவோ நல்ல நோக்கம்தான். எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அந்த வீட்டின் பேச்சையும் வேலையையும் தெரிந்துகொண்டு, அதிலிருந்தே அறிவியலையும் கணக்கையும் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்கு ஆள் தேடிய தலைமையாசிரியருக்கு அகப்பட்டவர்தான் ரேகை டாக்டர். எந்த நோய்க்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தார். போதாதா?

"பிள்ளையைப் புரிஞ்சுக்கணும்னு சொல்றீங்க. அதுக்கு எதுக்கு வருஷக்கணக்குல பாடுபடணும்? கட்டைவிரலை என் மெஷின்ல வைக்கச் சொல்லுங்க. சுழியைப் பார்த்தே மூளையைச் சொல்லிடும்! ரெண்டே ரகம்தான். கணக்கு மூளை, கை மூளை. கை மூளைக்குப் பின்னம் நடத்தறதும் சுவருக்குப் பாடம் நடத்தறதும் ஒண்ணு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாதி வகுப்புக்குப் பாடமே நடத்த வேண்டாம் என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கணக்கு வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா? கோளாறு என்கிட்ட இல்ல!" என்று பக்கத்தில் இருந்தவரின் தோளைக் குலுக்கினார்.

அன்று மாலையே ஒரு வகுப்பு முழுவதையும் மெஷின் பிரித்துப் போட்டது. கணக்கு மூளைகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. கை மூளைகளைப் பின்கட்டில் ஓர் அறையில் உட்காரவைத்து, காகிதப் பை ஒட்டச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அந்த அறையில் எட்டிப் பார்த்தார் அறிவியல் டீச்சர். முதல் வரிசையிலேயே தையல்காரர் மகள். வகுப்பில் வாயை மூடாமல் கேள்வி கேட்கிற பெண். துணியைக் குறுக்காக வெட்டினால் ஏன் இழுபடுகிறது என்று தொடங்கி, டீச்சரைக் கோணங்கள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவள். இப்போது விரலெல்லாம் பசை.

"டீச்சர், நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை கண்ணு."

"எனக்குக் கணக்கு வராதாம். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் மகன். வாட்ச்மேன் மகள். வீடு பெருக்கும் அம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேர். ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். வக்கீல் மகன். நகைக்கடைக்காரர் மகள். பொறியாளர் பேரன். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கட்டைவிரலுக்கு எப்படி ஐயா தெரிந்தது?

டீச்சர் அரங்கத்தில் ஒரு மூலையில் நின்று மெஷின் வேலைசெய்யும் அழகைக் கவனித்தார். பிள்ளைகள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, ஒரு துணித் தடுப்புக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து விரலை வைப்பார்கள். மன அலை கலையக் கூடாது என்பதற்காகத் தடுப்பாம். தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு டாக்டரின் மச்சினன். "வயசு என்ன? அப்பா என்ன வேலை?" என்று குரல் கொடுப்பான், பதிலைத் தட்டுவான். உடனே பெரிய திரையில் முடிவு விழும். டாக்டர் மேடையில் நின்று பதவுரை, பொழிப்புரை எல்லாம் சொல்லுவார்.

டீச்சர் நேராக டாக்டரிடம் போனார்.

"டாக்டர் சார், சின்னப் பிள்ளைங்க இருட்டுல பயப்படுதுங்க. நானே தடுப்புக்குப் பின்னால இருந்து, விவரத்தையும் சொல்லிடட்டுமா?"

"தாராளமா! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு எங்கேயோ போயிடும்!" என்றார் டாக்டர்.

அடுத்த வகுப்புக்கான நிகழ்ச்சி தொடங்கியது. அரங்கம் முழுக்கத் தலைகள்.

"அப்பா என்ன வேலை?" என்றான் மச்சினன்.

"லாரி கிளீனர்," என்றது தடுப்புக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல்.

கை மூளை!

டாக்டர் திரையில் இருந்த சுழியைக் குச்சியால் தட்டினார். "பாருங்க, கோடெல்லாம் எப்படிச் சிதறிக் கிடக்குதுன்னு. பாவம், வாய்ப்பாடுகூட ஏறாது."

பாவம் பாவம் என்று அரங்கம் உச்சுக்கொட்டியது.

அடுத்தது. "அப்பா கண் மருத்துவர்."

கணக்கு மூளை!

"அடடா! இது சுழியா, இல்ல ஓவியமா? ஒரு கோடாவது விலகியிருக்கா பாருங்க! விஞ்ஞானி, சார், விஞ்ஞானி!"

அடுத்தது. "அப்பா இல்லை. அம்மா பாத்திரம் தேய்க்கிறாங்க."

கை மூளை. கோடுகள் மறுபடியும் சிதறின.

அடுத்தது. "அப்பா வங்கி மேலாளர்."

சிதறிய கோடுகள் அடித்துப்பிடித்து வரிசையில் வந்து நின்றன. கணக்கு மூளை!

"டாக்டர் சார், ஒரு சந்தேகம்," என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து டீச்சர் கேட்டார். "ரேகை நாளுக்கு நாள் மாறுமா?"

"பிறக்கும்போது வந்தது. சாகற வரைக்கும் மாறாது!"

"ஒருத்தர் ரேகை இன்னொருத்தருக்கு இருக்குமா?"

"உலகத்துலயே கிடையாதும்மா!"

"அப்போ இந்த நாலு பிள்ளைகளையும் எல்லாரும் பார்க்கட்டுமே. தடுப்பை எடுத்துடவா?"

"எடுங்க! அந்த விஞ்ஞானி முகத்தை முதல்ல பார்ப்போம்!"

தடுப்பு சரிந்தது. உள்ளே பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வலதுகைக் கட்டைவிரல் மெஷின் மேல். இடதுகையால் அரங்கத்துக்கு ஒரு வணக்கம் போட்டார்.

"நாலு தடவையும் இதே விரல்தான். வகுப்புல சோதனை செய்யும்போது பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றோம்? ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே விடு. நான் அப்பாவை மட்டும் மாத்தினேன். மூளை தானா மாறிடுச்சு."

அரங்கத்தின் கடைசி வரிசையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார். அது முன்வரிசை வரைக்கும் பற்றிக்கொண்டது.

"மெஷின் கோளாறு! மெஷின் கோளாறு!" என்று டாக்டர் கத்தினார்.

"இல்லையே அத்தான், நல்லாத்தானே ஓடுது? எப்பவும் இப்படித்தானே வரும்?" என்றான் மச்சினன். பாவம், உலகத்தில் உண்மை பேச நேரம் காலம் பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் எழுந்தார். சிரிக்கவில்லை. நேராக மேடைக்குப் போய்த் தன் கட்டைவிரலை மெஷினில் வைத்தார். மச்சினன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான்: "அப்பா என்ன வேலை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். இத்தனை வருடமாகப் பள்ளியில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"மூட்டை தூக்கினார்."

திரையில் பெரிய எழுத்தில் விழுந்தது: கை மூளை. கணிதம் வேண்டாம்.

கணிதத்தில் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர் அவர். அந்த ஊர் ஆசிரியர்களில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். திரையையே பார்த்துக்கொண்டு நின்றவர் மெல்லச் சொன்னார்: "நல்லவேளை. எங்க வாத்தியார்கிட்ட இந்த மெஷின் இல்லை."

பெற்றோர் வரிசையில் தையல்காரர் எழுந்து நின்றார். "சார், அப்போ என் பொண்ணு எங்கே உட்காரணும்?"

"ஆய்வுக்கூடத்துல. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். மன்னிப்பும் கேட்கணும்."

சொன்னபடியே போனார். பசை காயாத கைகளோடு பிள்ளைகள் வரிசையாக ஆய்வுக்கூடத்துக்கு நடந்தபோது, தையல்காரர் மகள் தலைமையாசிரியரை ஏதோ கேட்டுக்கொண்டே போனாள். அவர் பதில் தெரியாமல் தலையைச் சொறிந்ததைப் பலர் பார்த்தார்கள்.

இதற்கிடையில் கோட்டு பின்வாசல் வழியாக மாயமாகிவிட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு மச்சினன் வேர்க்க விறுவிறுக்கப் பின்னால் ஓடினான்.

முகாமில் ஒரு நாள் மீதியிருந்தது. டீச்சரையே நடத்தச் சொன்னார்கள். அவர் மேடைக்கு ஏறவில்லை; ஆசிரியர்களைப் பெற்றோர்களோடு கலந்து உட்காரவைத்தார். வீட்டில் எதையெல்லாம் அளக்கிறீர்கள், கொதிக்கவைக்கிறீர்கள், பங்கு போடுகிறீர்கள் என்று ஆசிரியர்கள் கேட்க வேண்டும். பெற்றோர் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு பாடம் செய்ய வேண்டும். கணக்கு வாத்தியார் ஒரு பெயின்டரிடம் மாட்டிக்கொண்டார். ஒரு சுவருக்கு எத்தனை டப்பா பெயின்ட், அதில் தண்ணீர் எத்தனை பங்கு என்று பேச்சு வளர்ந்து, சாப்பாட்டு மணி அடித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"விகிதத்தை இப்படி நடத்தலாம்னு எனக்கு இத்தனை நாளா தோணவே இல்லையே டீச்சர்!"

"நாளைக்கே நடத்துங்க சார். புரியலைன்னா வேற மாதிரி நடத்துங்க."

இத்தோடு கதை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனால் பக்கத்து ஊரில் காது மடலைப் பார்த்தே பிள்ளைகளின் அறிவை அளக்கிற ஒருவர் வந்திருக்கிறாராம். அங்கேயும் வாசலில் கூட்டமாம். போகிறவர்கள் போகலாம். போவதற்கு முன்னால் தயவுசெய்து கழுத்துக்கு மேலே ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்று இருக்கும். எல்லாருக்கும் ஒரே ரகம்தான். பலர் இன்னும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.