கருந்தேளுக்கு விழுந்த கைத்தட்டல்

கைத்தட்டலைக் கேட்டு நடுங்கிய ஒரே கலைஞர், எனக்குத் தெரிந்து, கருந்தேள்தான்.

1991-இல் ஒரகடம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன், குடியிருப்பு படப்பையில். அடுத்த போர்ஷனில் கருந்தேள். ஞாயிறு மாலைகளில் கொட்டகை போட்டு நடத்திய குஸ்தியில் அவர்தான் வில்லன். கறுப்பு பனியன், மார்பில் தேள் படம், ஒட்டு மீசை. நிஜப் பெயரை வீட்டுக்காரரே கேட்டதில்லை.

வாரமெல்லாம் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஜனத்துக்கு, திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் இவர். கடைசியில் உதைபடுவார், அதற்கு முன் உதைபடத் தகுதி பெற வேண்டுமே! கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். எதிராளி இளகியதும் கண்ணில் மண்ணை வீசுவார். வீசுமுன் இடது காலால் தரையை ஓங்கி மிதிப்பார். ஆவேசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கண்ண மூடிக்கோன்னு அவனுக்குச் சொல்றது சார். பாவம், புள்ளகுட்டிக்காரன்" என்றார். அந்த மண்ணைச் சலித்தது எங்கள் வீட்டு மாவுச் சல்லடையில் என்பது பின்னால் தெரிந்தது.

வினை கன்னியம்மா உருவில் வந்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுபவர். ஏரிச் சேற்றில் சிக்கிய அவருடைய எருமையைக் கருந்தேள் தனியாளாக இழுத்துக் கரையேற்றினார். மறுநாள் குஸ்தி. எதிராளியின் கழுத்தில் காலை வைத்துக் கருந்தேள் உறுமிய நேரத்தில், முன்வரிசையிலிருந்து கன்னியம்மா கத்தினார்:

"அண்ணே! எரும நல்லா கீது! காலையில கறந்துச்சு!"

கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர். "சந்தோசம்மா! புண்ணாக்கு கரைச்சு வையி!" என்றார், காலை எடுக்காமலே.

கொட்டகை சிரித்தது. பிறகு கை தட்டியது.

ஆட்டம் முடிந்ததும் குஸ்தி நடத்தும் முதலாளி சொல்லிவிட்டார்: "ஜனம் சிரிச்சா நீ இன்னாத்துக்கு? அடுத்த வாரம் திட்டு வாங்கல, மூட்டயக் கட்டு."

வேறு தொழில் தெரியாதவர் என் வாசலில் வந்து நின்றார். "நீ படிச்ச ஆளு சார். என்னப் பத்தி ஊருல நாலு பேர்கிட்ட தப்பா சொல்லேன்."

புறம் பேசுவதில் எனக்கு ஆபீஸ் அனுபவம் உண்டு. டீக்கடையில், "அந்தக் கருந்தேள் ஆள் சரியில்ல" என்று ஆரம்பித்தேன்.

"தேளண்ணனா? உன் புத்தி ஏன் சார் இப்படிப் போவுது?"

அவர் பெயர் கெடவில்லை. என் பெயர் கெட்டது.

கடைசியில் கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் வாயத் தொறந்ததாலயா அண்ணனுக்கு வேல போவுது?" என்றவர், பால் ஊற்றாமலே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கருந்தேள் நுழைந்ததுமே கைத்தட்டல். கடித்தார், சிரித்தார்கள். மண்ணை வீசினார், விசில். முதலாளி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கன்னியம்மா எழுந்தார்.

"டேய் படுபாவி! கும்புட்ட கையால மண்ண வாரிப் போடுறியே, நீ வெளங்குவியா? அவன உடுடா, கட்டையில போறவனே!"

கன்னத்தில் கண்ணீர் வேறு. ஜனம் ஒரு கணம் திகைத்தது. இன்னொரு குரல் எழுந்தது, இன்னொன்று, பிறகு கொட்டகை மொத்தமும். பொது இடத்தில் தும்மக் கூசும் நானும் நாற்காலிமேல் ஏறி, "அயோக்கியப் பயலே!" என்று அலறினேன். கருந்தேள் எங்களைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

மறுநாள் காலை, கத்தியதில் எனக்கும் கன்னியம்மாவுக்கும் குரலே எழும்பவில்லை. கருந்தேள் மிளகு தட்டிப் போட்ட பாலோடு வந்தார். "சூடா குடிங்க. அடுத்த வாரமும் திட்டணும்ல?"

அதன் பிறகு எத்தனையோ பேரை மேடையேறிப் புகழ்ந்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தொண்டை கட்டியதில்லை.